‘டாப்-டவுன்’ என்று சொல்லும் முன்: வடசென்னையில் களப்பணிக்கு வரும் புதியவர்களுக்கு

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் மாலைப் பாடசாலைக்குத் தன்னார்வலர்களாக வரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே பிடித்துக்கொள்ளும் ஒரு சொல் இருக்கிறது: டாப்-டவுன். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுகிற ஏரியா சபைக் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். கல்லூரியில் புரோகிராமிங் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும். வேலைக்குப் போன அண்ணன், ‘எங்க கம்பெனி ஃபுல்லா டாப்-டவுன்டா’ என்று அலுத்துக்கொள்வான். மூன்று இடத்திலும் சொல் ஒன்றுதான், பொருள் ஒன்றில்லை. அந்த வேறுபாடு தெரியாமல் மனு எழுத உட்கார்ந்தால் மனு கெடும், கூட்டத்தில் பேசினால் பேச்சு எடுபடாது. நானே அப்படி ஒரு மனுவைக் கெடுத்திருக்கிறேன், அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் சொல்லைத் திசையாகப் பாருங்கள்

வார இதழ்களில் குறுக்கெழுத்துப் போட்டி போட்டவர்களுக்கு இது புதிதல்ல. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று நான்கு தலைப்பில் குறிப்புகள் இருக்கும். எந்தக் கட்டத்தில் தொடங்க வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத்தான் அந்தத் தலைப்பு சொல்கிறது. விடை சரியா தப்பா என்று அது சொல்வதில்லை.

டாப்-டவுன் என்பதும் அந்த ‘மேலிருந்து கீழ்’தான். முழுதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு அதைப் பகுதிகளாகப் பிரித்து இறங்கி வருவது. பாட்டம்-அப் என்றால் ‘கீழிருந்து மேல்’: பகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணி, சேர்த்து, முழுதுக்கு ஏறிப்போவது. இவ்வளவுதான் அடிப்படை.

சிக்கல் ‘மேல்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஓர் இடத்தில் ‘மேல்’ என்றால் முழுமை. இன்னோர் இடத்தில் ‘மேல்’ என்றால் அதிகாரம். புதியவர்கள் தடுக்கி விழுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஆகவே சொல்லைக் கேட்டதும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்த ‘மேல்’ என்று கேட்பது.

கம்ப்யூட்டரில் அது முழுமை. நிக்லாஸ் விர்த் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1971-ல் படிப்படியாக நுணுக்கிப் புரோகிராம் எழுதும் முறையை விளக்கினார். பெரிய வேலையை ஒரே வரியில் எழுதி, அதைச் சிறு வேலைகளாக உடைத்து, அவற்றையும் உடைத்து, கடைசியில் கம்ப்யூட்டருக்குப் புரியும் கட்டளை வரை இறங்குவது. இன்டர்வியூவில் கேட்கும் படிக்கட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹவுசிங் போர்டு மாடிப்படியில் ஒரு படியாகவோ இரண்டு படியாகவோ ஏறலாம், பத்தாவது படிக்குப் போக எத்தனை வழி? பத்தில் தொடங்கி, ‘இதற்கு ஒன்பதும் எட்டும் தெரிய வேண்டும்’ என்று இறங்கி, கண்ட விடைகளைக் குறித்துவைத்துக்கொண்டே வந்தால் மேலிருந்து கீழ். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று அடியிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் கீழிருந்து மேல். இரண்டு வழியிலும் விடை 89. இதில் யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

அலுவலகத்திலும் அரசுத் திட்டத்திலும் ‘மேல்’ என்றால் அதிகாரம். இதற்கு நம் தெருவிலேயே நல்ல சொல் உண்டு: மேலிடம். ‘மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க’ என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை. கட்சிக்காரரும் சொல்வார், ஆலைத் தொழிலாளியும் சொல்வார்.

அடுத்து, மூன்று கேள்விகள்

ஒரு திட்டத்தையோ முடிவையோ டாப்-டவுன் என்று எழுதுவதற்கு முன்னால், ஒரு தாளில் இந்த மூன்றுக்கும் விடை எழுதிப் பாருங்கள். இதை யார் தொடங்கினார்கள்? தகவல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிற்று? இதை மாற்றும் உரிமை யாருக்கு இருந்தது?

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். தொடங்கியவர் மேலே இருந்தாலும், நடுவில் தெருக்காரர்கள் ‘வேண்டாம், இப்படி மாற்றுங்கள்’ என்று சொல்லி அது மாறியிருந்தால், அதை முழுக்க மேலிருந்து வந்தது என்று எழுதுவது நியாயமில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது, நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், ஆனால் ஒரு வரியும் மாறவில்லை என்றால், அதைக் கீழிருந்து மேல் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

ஏரியா சபையையே எடுத்துப் பாருங்கள். 74-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று அது சொன்னது. நம் மாநிலத்தில் ஏரியா சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தொடங்கின. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள், ஒவ்வொரு வார்டுக்கும் பத்து ஏரியா சபைகள். சட்டம் மேலிருந்து வந்தது, அது நம்மைக் கீழிருந்து பேசச் சொல்கிறது. இரண்டு திசையும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு எடுத்துக்காட்டு கிடைக்காது.

பழகிப் பார்க்க வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2023-ல் 1000 கோடி ரூபாய் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. 2024 மார்ச்சில் தொடங்கியபோது தொகை 4000 கோடியைத் தாண்டியிருந்தது. தொகையும் பெயரும் மேலிருந்து வந்தவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் வார்டில் நடக்கும் ஒரு பள்ளிக் கட்டடமோ சமுதாயக் கூடமோ யார் கேட்டு அந்தப் பட்டியலில் ஏறியது என்பதை வேலை வேலையாகத்தான் விசாரிக்க வேண்டும். மொத்தத் திட்டத்துக்கும் ஒரே முத்திரை குத்தாதீர்கள்.

தண்ணீர் லாரி

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீர் லாரி காலை பதினொரு மணிக்கு வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் வீட்டு வேலைக்கும் கடைக்கும் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். போகும்போது குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். பச்சை, ஊதா, ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்கள், அடையாளத்துக்குக் கழுத்தில் துணி நாடா கட்டியவை. லாரி வரும்போது நிற்பது பாட்டிகளும், அதற்காகவே லீவு போட்ட பிள்ளைகளும்தான். என் பாடசாலைக்கு வந்துகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் மனு எழுதினேன்: ‘மக்களைக் கலந்தாலோசிக்காத டாப்-டவுன் அணுகுமுறையைக் கைவிட வேண்டும்.’

அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகப் படித்தார். ‘சரிங்க. எத்தன மணிக்கு லாரி வரணும்?’ என்றார். என்னிடம் பதில் இல்லை. கலந்தாலோசிக்கவில்லை என்று அவரைக் குறை சொல்லிய நானும் தெருவில் ஒருவரையும் கேட்டிருக்கவில்லை. நானும் மேலிருந்துதான் எழுதியிருக்கிறேன்.

திரும்பி வந்து, இரண்டு பிள்ளைகளோடு இரண்டு நாள் மாலை வீடு வீடாகப் போனோம். ஓர் அக்கா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்: ‘ஆறரைக்குள்ள வந்தா போதும்பா. இல்லாங்காட்டி சாய்ந்தரம் ஆறுக்கு மேல. நடுவுல வந்தா இன்னா, வராட்டி இன்னா?’ பெரும்பாலான வீடுகள் அதையே சொன்னன. பிறகு லாரி டிரைவரிடம் பேசினேன். இதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். காலை ஆறு மணி நடை இன்னொரு தெருவுக்குப் போகிறது என்றும், அங்கே அந்த நேரத்தில் பாதி வீடு எழுந்திருப்பதில்லை என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. ‘ரெண்டு நடையையும் மாத்திப் போட்டா முடிஞ்சுது சார்’ என்றார். அவரை யாரும் கேட்டதில்லை.

மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1980-ல் எழுதியது இதைத்தான். சட்டம் தலைநகரில் எழுதப்பட்டாலும், மக்களுக்கு அது எப்படி வந்து சேர்கிறது என்பதை ஆசிரியர், போலீஸ்காரர், நலத்துறை ஊழியர் போல மக்களை நேரில் சந்திக்கிறவர்கள் தினமும் எடுக்கும் சிறு முடிவுகள்தான் தீர்மானிக்கின்றன. எனவே கீழிருந்து மேல் என்று நீங்கள் எண்ணத் தொடங்கும்போது பொதுமக்களோடு நிறுத்திவிடாதீர்கள். டிரைவர், லைன்மேன், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், அங்கன்வாடி டீச்சர் எல்லோரும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

இரண்டாவது மனுவில் டாப்-டவுன் என்ற சொல்லே இல்லை. எத்தனை வீடு, எந்த நேரம், எந்த நடையோடு மாற்றலாம் என்று அரைப் பக்கம். மூன்று வாரத்தில் நேரம் மாறியது.

பணத்தில் பழகுங்கள்

சொல்லைக் கையில் பிடித்துப் பார்க்கச் சிறந்த இடம் பட்ஜெட். இங்கே ‘மேல்’ என்பது முழுமை, அதாவது மொத்தத் தொகை. ஒரு மாலைப் பாடசாலைக்கு வருடத்துக்கு 60,000 ரூபாய் கிடைக்கிறது, நாற்பது பிள்ளைகள், பத்து மாத வகுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மேலிருந்து பிரியுங்கள். பாதி, 30,000, சுண்டலுக்கு. 15,000 நோட்டுப் புத்தகத்துக்கு. 10,000 கரண்ட், ஃபேன் ரிப்பேர். 5,000 அவசரத்துக்கு. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, பார்க்கவும் அழகாக இருக்கிறது.

இப்போது அந்தத் தாளை மூடிவைத்துவிட்டுக் கீழிருந்து எண்ணுங்கள். ஒரு பிள்ளைக்குச் சுண்டல் எட்டு ரூபாய் என்றால் நாற்பது பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 320. மாதம் இருபது நாள், 6,400. பத்து மாதத்துக்கு 64,000. சுண்டல் ஒன்றே மொத்தப் பணத்தையும் தாண்டிவிட்டது. நோட்டோ ஆளுக்கு ஆறு, ஒன்று 35 ரூபாய், மொத்தம் 8,400-தான். மேலிருந்து பிரித்த கணக்கில் சுண்டல் ஐந்தாவது மாதத்தில் நின்றுபோகும், நோட்டுப் பணத்தில் 6,600 சும்மா கிடக்கும்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவில் தெரியும் இடைவெளிதான் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். சுண்டலை மாதம் பன்னிரண்டு நாளாகக் குறைத்தால் 38,400. நோட்டுக்கு 8,400, கரண்டுக்கும் ரிப்பேருக்கும் 10,000. கூட்டினால் 56,800. அவசரத்துக்கு 3,200 நிற்கும். கணக்கு நின்றுவிட்டது.

ஆனால் எந்தப் பன்னிரண்டு நாள்? இதை மேஜையில் முடிவு செய்யாதீர்கள். எங்கள் பாடசாலையில் இதைப் பிள்ளைகளிடமே கேட்டபோது ஒரு பையன், ‘சுண்டல் இல்லாத நாள்ல என் தம்பி வர மாட்டான் சார், அன்னிக்கு அவனுக்குக் கணக்கு வெக்காதீங்க’ என்றான். எந்த நாளில் எந்தப் பாடம் என்பதே அவன் சொன்னதற்குப் பிறகு மாறியது. மொத்தத் தொகையிலிருந்து எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் அந்தத் தகவல் கிடைத்திருக்காது.

இரண்டில் எதை முதலில் செய்வது என்று புதியவர்கள் கேட்பார்கள். பணம் எவ்வளவு என்று ஏற்கெனவே தெரிந்தால் மேலிருந்து தொடங்குங்கள். பணம் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறீர்கள் என்றால் கீழிருந்து தொடங்குங்கள். எப்படியானாலும் இன்னொரு திசையில் ஒரு முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

‘கீழ்’ என்று சொல்வதில் கவனம்

கொடுங்கையூரில் ஒரு கூட்டம். புதிதாக வந்த தம்பி ஒருவர் நல்ல மனதோடு, ‘கீழ்மட்டத்து மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும்’ என்று பேசினார். தூய்மைப் பணியாளராக இருக்கும் அம்மா ஒருவர் எழுந்தார். ‘எங்கள இன்னாத்துக்குப்பா கீழ்மட்டம்ங்கற? காலைல அஞ்சரைக்கு ரோட்ல நிக்கறது நாங்கதானே?’ கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்தத் தம்பி மன்னிப்புக் கேட்டார். தப்பு அவர் மனதில் இல்லை, சொல்லில் இருந்தது.

தமிழில் ‘கீழ்’ என்ற சொல் தாழ்வை மட்டுமே குறித்ததில்லை. கோயில் ஊர்களில் கீழவீதி என்றால் கிழக்கு வீதி, மேலவீதி என்றால் மேற்கு வீதி, அவ்வளவுதான். ஆனால் மேல்சாதி, கீழ்சாதி என்று மனிதரைப் பிரித்த கொடுமையைச் சுமந்துகொண்டுதான் அந்தச் சொல் இன்று கூட்டத்துக்குள் வருகிறது. அதனால் என் கருத்து இது: திசையைச் சொல்லும்போது ‘கீழிருந்து மேல்’ என்று சொல்லுங்கள். மனிதரைச் சொல்லும்போது கீழ்மட்டம், அடிமட்டம் என்ற சொற்களைத் தொடவே தொடாதீர்கள். ‘தெருவிலிருந்து’, ‘களத்திலிருந்து’, ‘வேலை செய்கிறவர்களிடமிருந்து’ என்று சொன்னால் பொருளும் தெளிவாகிறது, யார் மனமும் நோகாது.

எழுத்தில் இன்னொரு குழப்பம். சிலர் டாப்-டவுனை ‘மேல்நோக்கு அணுகுமுறை’ என்று எழுதுகிறார்கள். மேல்நோக்கு என்றால் மேலே பார்ப்பது, மேலே போவது. அது நேர் எதிர்த்திசை. ‘மேலிருந்து கீழ்’ என்று முழுதாக எழுதினால் யாரும் மாற்றிப் படிக்க முடியாது. ஹையராக்கி என்பதற்குப் படிநிலை என்ற நல்ல சொல் இருக்கிறது, பயன்படுத்துங்கள். என்னைக் கேட்டால், பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் இன்னும் மேல்: ‘இந்த முடிவு மேலிருந்து வந்தது’, ‘இந்தக் கோரிக்கை தெருவிலிருந்து எழுந்தது’. வினையோடு சொன்னால், யாரிடமிருந்து, எப்போது என்ற கேள்வி தானாக வந்து நிற்கும்.

இது வசைச் சொல் அல்ல

மேலிருந்து வருவது எல்லாம் கெட்டது என்று நினைக்கும் வயது எல்லோருக்கும் ஒன்று வரும். காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக மேலிருந்து வந்த தடை. முன்பு 45 நாளாக இருந்தது. கஷ்டமான தடைதான். ஆனால் கரை நெடுக எல்லாத் துறைமுகமும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் அதற்குப் பலன் உண்டு. அந்த ஒரே நாளை ஒரு துறைமுகம் தானாகத் தீர்மானிக்க முடியாது.

அங்கிருந்து வடக்கே பழவேற்காடு ஏரிக்குப் போனால் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று மீனவ ஊர்களே முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. எந்த அலுவலகமும் போட்ட விதி அல்ல, ஊருக்குள்ளிருந்து எழுந்தது. அதன் அழகைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த முறைக்குள் இடம் உள்ளவர்களுக்குத்தான் அது முறை. வெளியே நிற்கிற சமூகத்தாருக்குப் பாடு கிடைப்பதில்லை. ஊரிலிருந்து எழுந்த ஏற்பாட்டுக்குள்ளும் படிநிலை இருக்கும். ‘மாற்றும் உரிமை யாருக்கு?’ என்ற கேள்வியை அங்கும் கேட்க வேண்டும்.

பெரம்பூரில் நடந்ததையும் புதியவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பக்கிங்ஹாம், கர்னாடிக் மில் தொழிலாளர்கள் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதில் தொடங்கி எத்தனையோ குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவற்றைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் அந்தப் பக்கத்தில் வியாபாரம் செய்துகொண்டு பக்திச் சபை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். அவர்கள் போய் அழைத்து வந்தது அன்னி பெசன்ட்டோடு இருந்த பி.பி. வாடியாவை. திரு.வி.க.வும் அந்த மேடைக்கு வந்தார். சென்னை மாநகராட்சியின் திரு.வி.க. நகர் மண்டலம் அவர் பெயரில்தான் இருக்கிறது. தலைவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள் என்பதால் அதை மேலிருந்து வந்த சங்கம் என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். குறை ஆலை வாசலில் பிறந்தது, அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைவர்களைத் தேடியவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள்.

கடைசியாக, மனு

எழுதி முடித்ததும் ‘டாப்-டவுன்’, ‘மேலிருந்து கீழ்’ வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்தச் சொல் இல்லாமல் ஒரு முறை படியுங்கள். வாக்கியத்தில் விஷயம் மிஞ்சினால் சொல்லை வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் இன்னும் தெருவுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று பொருள்.

‘டாப்-டவுன் முறையில் கழிப்பிடம் கட்டப்பட்டுள்ளது’ என்ற வரியில் எதுவும் இல்லை. ‘பொதுக் கழிப்பிடத்தின் வாசல் மெயின் ரோட்டைப் பார்த்து வைக்கப்பட்டுள்ளது; வரைபடம் முடிவாவதற்கு முன் தெருப் பெண்கள் யாரும் கேட்கப்படவில்லை; வாசலைப் பின்பக்கச் சந்துக்கு மாற்றிக் கேட்டு 34 பேர் கையெழுத்திட்டுள்ளோம்’ என்றால் படிப்பவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியும். இங்கே டாப்-டவுன் என்ற சொல் வராமலே அதன் பொருள் முழுக்க வந்துவிட்டது.

மனுவை இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு ‘பெறப்பட்டது’ முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த நகலை யார் வீட்டு பீரோவிலும் பூட்டாமல், கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் போய்ப் பார்க்கிற மாதிரி தெருவில் ஒரு கடையில் கொடுத்து வையுங்கள். எங்கள் தெருவில் அது இஸ்திரிக் கடையில் இருக்கிறது.